முதலிடம் வேறு, கோப்பை வேறு: இங்கிலாந்து கிளப் ரக்பியில் ஒரு சீசன்

2003 மே மாதம். இங்கிலாந்தின் முதல்தர கிளப் ரக்பியில் குளோஸ்டர் அணி 22 சுற்றுகளையும் முடித்துவிட்டு, இரண்டாம் இடத்தில் இருந்த வாஸ்ப்ஸைவிட 15 புள்ளி முன்னால் நின்றது. அதற்கு முந்தைய வருடமாக இருந்திருந்தால் அன்றைக்கே சாம்பியன் பட்டம் குளோஸ்டருக்குத்தான். ஆனால் அந்த சீசனில்தான் பிளே-ஆஃப் முறை புதிதாக வந்திருந்தது. பட்டியலில் முதலிடம் பிடித்த அணி நேரே இறுதிப்போட்டிக்குப் போகும். இரண்டாவதும் மூன்றாவதும் மோதி, ஜெயிப்பவர் எதிரணியாக வருவார். குளோஸ்டர் வாரக்கணக்கில் விளையாடாமல் காத்திருந்தது. வாஸ்ப்ஸ் அரையிறுதியில் ஜெயித்து, சூடு ஆறாமல் வந்தது. இறுதிப்போட்டி லண்டனின் டுவிக்கனம் மைதானத்தில். வாஸ்ப்ஸ் 39, குளோஸ்டர் 3.

பல மாத உழைப்பு எண்பது நிமிடத்தில் கைவிட்டுப் போனது. குளோஸ்டர் ரசிகர்களுக்கு அந்த வலி இன்னும் தீரவில்லை. அந்த அணி இன்றுவரை ஒருமுறைகூட லீக் பட்டம் வென்றதில்லை.

இந்தப் போட்டித்தொடரைப் புதிதாகப் பார்க்க ஆரம்பிப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். இங்கே ஒரு சீசன் இரண்டு வெவ்வேறு கேள்விகளைக் கேட்கிறது. ஒன்பது மாதம் யார் தாக்குப்பிடித்தார்கள் என்பது ஒன்று. கடைசி இரண்டு வாரம் யார் உடம்பில் தெம்பு மிச்சம் இருந்தது என்பது இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே அணி பதில் சொல்வது அவ்வளவு எளிதில்லை.

சரி, அடிப்படையிலிருந்து வருவோம்.

முதலில் பெயர்க் குழப்பம். இங்கிலாந்தில் ரக்பி இரண்டு வகை. ரக்பி யூனியன் ஒன்று, ரக்பி லீக் இன்னொன்று. விதிகள் வேறு, அணிகள் வேறு, ஊர்களும் பெரும்பாலும் வேறு. நாம் பேசுவது யூனியன். ஒரு பக்கம் 15 பேர், மொத்தம் 80 நிமிடம். பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம், உதைக்கலாம்; ஆனால் கையால் முன்பக்கமாகப் போடக்கூடாது, பக்கவாட்டிலோ பின்னாலோதான் போடவேண்டும். எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தினால் அது ட்ரை, 5 புள்ளி. அதையடுத்து கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் கூடுதலாக 2. எதிரணி தவறு செய்தால் கிடைக்கும் பெனால்டியை உதைத்தால் 3. விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே பந்தைத் தரையில் தட்டி உதைத்துக் கம்பத்துக்குள் அனுப்பினாலும் 3.

இதற்குமேல் விதிகளைத் தெரிந்துகொண்டுதான் பார்க்கவேண்டும் என்றில்லை. நடுவர் ஏன் விசில் அடித்தார் என்பது, பல வருடம் பார்த்தவர்களுக்கே சில நேரம் புரியாது. நாலைந்து ஆட்டம் பார்த்தால் பாதி தானாகப் பிடிபட்டுவிடும்.

யூனியன் கிளப்புகளின் இந்த லீக் தொடங்கியது 1987இல். அதற்கு முன்னால் கிளப்புகள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டு நட்புப் போட்டிகளாக ஆடின. ஒரு கோப்பைத் தொடரும் இருந்தது. வீரர்களுக்குச் சம்பளம் கிடையாது. வக்கீலும் போலீஸ்காரரும் விவசாயியும் வேலை முடித்துவிட்டு வந்து ஆடிய காலம் அது. 1995 ஆகஸ்டில்தான் ரக்பி யூனியன் தொழில்முறை விளையாட்டானது. அப்புறம் எல்லாமே மாறியது. பல வருடம் அதன் பெயர் பிரீமியர்ஷிப்; 2025இல் அது 'பிரெம்' என்று சுருங்கியது. அதிக முறை பட்டம் வென்றது லெஸ்டர் டைகர்ஸ், 11 முறை.

2024-25 சீசனை எடுத்துக்கொள்வோம், அதில் இந்த அமைப்பின் எல்லாப் பக்கமும் தெரிகிறது. ஆடியவை 10 அணிகள்: பாத், பிரிஸ்டல் பேர்ஸ், எக்ஸிட்டர் சீஃப்ஸ், குளோஸ்டர், ஹார்லிகுவின்ஸ், லெஸ்டர் டைகர்ஸ், நியூகாசில் ஃபால்கன்ஸ், நார்தாம்டன் செயின்ட்ஸ், சேல் ஷார்க்ஸ், சாரசன்ஸ். ஒவ்வொரு அணியும் மற்ற ஒன்பதையும் சொந்த மைதானத்தில் ஒருமுறை, வெளியூரில் ஒருமுறை சந்திக்கும். ஆக 18 போட்டி. முதல் நான்கு இடம் அரையிறுதிக்கு. முதலிடம் நான்காம் இடத்தோடும், இரண்டாமிடம் மூன்றாமிடத்தோடும் மோதும். பட்டியலில் மேலே இருப்பவருக்குச் சொந்த மைதானம். ஐபிஎல் பார்ப்பவர்களுக்குப் பிளே-ஆஃப் பழகிய சங்கதிதான். ஆனால் ஐபிஎல்லில் முதல் இரண்டு அணிகளுக்கும் தோற்றால் இன்னொரு வாய்ப்பு உண்டு. இங்கே அது கிடையாது. ஒருமுறை சறுக்கினால் கதை முடிந்தது.

புள்ளிக் கணக்கில்தான் ரக்பிக்கே உரிய ஒரு அழகு இருக்கிறது. வெற்றிக்கு 4, சமனுக்கு 2. இதோடு போனஸ் புள்ளிகள் உண்டு. ஒரே போட்டியில் நான்கு ட்ரை அடித்தால், ஜெயித்தாலும் தோற்றாலும் ஒரு புள்ளி கூடுதல். ஏழு புள்ளி அல்லது அதற்குக் குறைவான வித்தியாசத்தில் தோற்றால், தோற்றவருக்கும் ஒரு புள்ளி.

இது களத்தில் எப்படி வேலை செய்யும் என்று பாருங்கள். 79ஆவது நிமிடம், உங்கள் அணி 17-27 என்று பின்தங்கியிருக்கிறது. கம்பத்துக்கு நேரே பெனால்டி கிடைக்கிறது. ஜெயிக்க நேரமில்லை. புதிதாகப் பார்க்கிறவர், இனி உதைத்தால் என்ன, உதைக்காவிட்டால் என்ன என்று எழுந்து போவார். ஆனால் கேப்டன் கம்பத்தைக் கைகாட்டுகிறார். உதைக்கிறவர் பந்தை நிறுத்துகிறார், இரண்டடி பின்னால் போகிறார், மூச்சை இழுத்து விடுகிறார். பந்து உள்ளே போய் 20-27 ஆகிறது. தோல்விதான், ஆனால் ஏழு புள்ளி வித்தியாசத் தோல்வி. பட்டியலில் ஒரு புள்ளி ஏறியாயிற்று. அந்தப் பக்கமோ, ஜெயிக்கப்போகிற அணி மூன்று ட்ரையோடு நிற்கிறது; நான்காவதுக்காக விசில் அடிக்கும்வரை முட்டிக்கொண்டிருக்கும். முடிவு தெரிந்த ஆட்டத்திலும் இரண்டு பக்கமும் விடாமல் உழைப்பதற்கு இதுதான் காரணம். இப்படிச் சேர்த்த ஒற்றைப் புள்ளிதான் மே மாதத்தில் நான்காமிடத்துக்கும் ஐந்தாமிடத்துக்கும் நடுவே வந்து நிற்கும்.

18 போட்டிக்கு ஏன் செப்டம்பரிலிருந்து ஜூன் வரை ஒன்பது மாதம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கால்பந்து அணிகள் அதே காலத்தில் 38 லீக் போட்டிகளை ஆடி முடிக்கின்றன. இரண்டு காரணம்.

ஒன்று, உடம்பு. நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒருவர் முழு வேகத்தில் ஓடி வர, அவரை அதே எடையுள்ள இன்னொருவர் தோளால் இடித்துச் சாய்க்கிறார். உடனே எழுந்து அடுத்தவரைப் பிடிக்க ஓடுகிறார். முன்களத்தில் ஆடும் ஒருவர் ஒரு போட்டியில் இதைப் பதினைந்து இருபது தடவை செய்வது சாதாரணம். ஸ்க்ரம் என்றால் எட்டுப் பேரும் எட்டுப் பேரும் தலை கோத்து முட்டித் தள்ளுவது. அதன் முன்வரிசை மூன்று பேரின் கழுத்தும் முதுகும் தாங்கும் பாரம் தனி. அதனால் வாரத்துக்கு ஒரு போட்டிக்குமேல் ஆட முடியாது. ஒரு அணியில் எப்போதும் நாலு பேராவது காயத்தோடு வெளியே உட்கார்ந்திருப்பார்கள்.

இரண்டாவது காரணம், இதே வீரர்கள் வேறு இடங்களிலும் ஆடவேண்டும். நவம்பரில் நாட்டு அணிகளின் போட்டிகள். பிப்ரவரி, மார்ச்சில் ஆறு நாடுகள் தொடர். அந்த வாரங்களில் லீக் நின்றுவிடும். இடைவெளியில் பிரீமியர்ஷிப் கோப்பை என்ற தனித்தொடரில் இளைஞர்களும் மாற்று வீரர்களும் ஆடுவார்கள். டிசம்பர், ஜனவரி, ஏப்ரலில் ஐரோப்பியத் தொடர்கள். பிரான்ஸ், அயர்லாந்து, தென்னாப்பிரிக்க அணிகள் எல்லாம் அதில் வரும். லீகில் முதல் எட்டு இடம் பிடித்தால் அடுத்த வருடம் ஐரோப்பியத் தொடர்களில் பெரியதான சாம்பியன்ஸ் கோப்பையில் இடம். கடைசி இரண்டுக்கு அதற்கு அடுத்த படியான சேலஞ்ச் கோப்பை.

இத்தனைக்கும் நடுவில் ஒரு பயிற்சியாளர் போடவேண்டிய கணக்குதான் சீசனின் உயிர். யாரை எந்த வாரம் ஆடவிடுவது, யாருக்கு ஓய்வு, எந்தப் போட்டியை விட்டுக்கொடுத்தால் பரவாயில்லை. மாதச் சம்பளத்தை வைத்துக் குடும்பம் நடத்துகிற மாதிரிதான். முதல் வாரத்திலேயே செலவழித்துவிட்டால் கடைசி வாரம் கை வெறுங்கை.

நார்தாம்டனைப் பாருங்கள். 2024 ஜூனில் சாம்பியன். அடுத்த சீசனில் சாம்பியன்ஸ் கோப்பை அரையிறுதியில் டப்ளினுக்கே போய் அயர்லாந்து அணியான லின்ஸ்டரை 37-34 என்று சாய்த்து ஐரோப்பிய இறுதிப்போட்டி வரை வந்தார்கள். கார்டிஃப்பில் நடந்த அந்த இறுதியில் பிரான்ஸின் போர்டோவிடம் தோற்றார்கள். அதே சீசனில் லீகில் முதல் நான்கிடத்தைத் தொடக்கூட முடியவில்லை. திறமை குறைந்தா போயிற்று? இல்லை. இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டக் கயிறு போதவில்லை.

கயிறு போதிய அணி பாத்.

ஏவன் ஆற்றங்கரையில், பழைய ரோமானியக் குளியல் கூடங்களுக்குப் பெயர்போன சின்ன ஊர் பாத். ஊரின் நடுவிலேயே, ஆற்றை ஒட்டி அவர்களுடைய மைதானம். அங்கே எல்லோரும் அதை 'ரெக்' என்பார்கள். 1980களின் கடைசியிலும் 90களிலும் இங்கிலாந்து ரக்பியை ஆண்டது இந்த அணிதான். 1996இல் லீக் பட்டம், 1998இல் ஐரோப்பியக் கோப்பை. தொழில்முறைக் காலம் வேரூன்றியதும் சரிவு. 2022 ஏப்ரலில், பக்கத்து ஊர்ப் பங்காளியான குளோஸ்டரிடம் 64-0 என்று தோற்றார்கள். அறுபத்து நான்கு. ஒரு புள்ளிகூட எடுக்காமல். அந்த சீசன் 13 அணிகளில் கடைசி இடத்தில் முடிந்தது. கீழ் டிவிஷனுக்கு இறக்கும் முறை அப்போது நிறுத்தி வைக்கப்பட்டிருந்ததால் தப்பினார்கள்.

அந்தக் கோடையில் தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த யோஹான் வான் கிரான் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். 2023 உலகக் கோப்பை முடிந்ததும் ஸ்காட்லாந்தின் ஃபின் ரஸ்ஸல் பாரிஸிலிருந்து வந்து சேர்ந்தார். பத்தாம் எண் சட்டை அவருடையது. அணியின் மூளை அந்த இடம்தான், பந்தை உதைப்பதா, கைமாற்றுவதா, தானே ஓடுவதா என்று ஒவ்வொரு நொடியும் முடிவெடுப்பவர். இரண்டாம் வருடத்திலேயே, 2024 ஜூனில், பாத் இறுதிப்போட்டிக்கு வந்துவிட்டது. எதிரே நார்தாம்டன். 22ஆவது நிமிடத்தில் பாத்தின் பெனோ ஒபானோவுக்குச் சிவப்பு அட்டை. மிச்சமிருந்த ஒரு மணி நேரத்தையும் 14 பேராக ஆடினார்கள். ஆடியதோடு நிற்கவில்லை, கடைசிக் கட்டத்தில் 21-18 என்று முன்னாலும் வந்தார்கள். ஆட்டம் முடிய ஏழெட்டு நிமிடம் இருக்கையில் அலெக்ஸ் மிட்செல் ட்ரை அடித்தார். 25-21, நார்தாம்டன் சாம்பியன். நான் பார்த்த தோல்விகளில் இதைவிட மரியாதைக்குரிய ஒன்று நினைவுக்கு வரவில்லை.

2024 செப்டம்பரில் புதிய சீசன் அதே இரண்டு அணிகளோடுதான் தொடங்கியது, ரெக் மைதானத்தில். இந்தமுறை பாத் ஜெயித்தது. சீசன் முழுக்க லீகில் பலமாகவே நின்றது. ஐரோப்பாவில் மட்டும் சாம்பியன்ஸ் கோப்பைக் குழுச்சுற்றில் தடுக்கி, சேலஞ்ச் கோப்பைக்கு இறங்கினார்கள். அப்போது அது அவமானமாகத் தெரிந்திருக்கலாம். ஆனால் மார்ச்சில் எக்ஸிட்டரை அதன் சொந்த மைதானத்திலேயே தோற்கடித்து பிரீமியர்ஷிப் கோப்பை. மே மாதம் கார்டிஃப்பில் பிரான்ஸின் லியோனை 37-12 என்று வென்று சேலஞ்ச் கோப்பை. லீகில் முதலிடம். அரையிறுதியில் பிரிஸ்டலை 34-20 என்று முடித்தார்கள். மூன்றாவது கோப்பைக்கு ஒரே ஒரு போட்டி பாக்கி.

2025 ஜூன் 14, டுவிக்கனம். எதிரே லெஸ்டர். ரக்பியின் உடல்கணக்கு எவ்வளவு நுணுக்கமானது என்று யாராவது கேட்டால் இந்தப் போட்டியைக் காட்டலாம். லெஸ்டருக்காக இறங்கியவர்களில் டேன் கோலும் இருந்தார். முன்வரிசைக்காரர், 38 வயது, இங்கிலாந்துக்காக நூற்றுக்கும் அதிகமான போட்டிகள். இந்த இறுதிப்போட்டியோடு ஓய்வு. ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் ரஸ்ஸல் பந்தை உதைத்து அனுப்புகிறார். அவரைத் தடுக்க ஓடி வந்த கோல் ஒரு கணம் தாமதமாகப் போய் இடித்துவிட்டார். பந்து போனபின் இடித்தால் குற்றம். மஞ்சள் அட்டை, பத்து நிமிடம் வெளியே. அத்தனை வருட வாழ்க்கையின் கடைசி நிமிடங்களை அவர் கோட்டுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். அதற்குக் கிடைத்த பெனால்டியை ரஸ்ஸலே உதைத்தார். 3 புள்ளி.

முடிவு: பாத் 23, லெஸ்டர் 21.

கோலைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 38 வயதில், சீசனின் கடைசி நாளில், முழு வேகத்தில் ஓடி வருகிற அந்தக் கனத்த உடம்பை அரை நொடியில் நிறுத்துவது சாமானியமில்லை. பாத் 29 வருடம் கழித்து லீக் பட்டத்தைத் தொட்டது, ஒரே சீசனில் மூன்று கோப்பை. 64-0 நடந்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது.

பத்து அணிகள் என்றேனே, அது எப்படிப் பத்தானது என்று சொல்லாமல் விட்டால் பாதிக் கதைதான் சொன்னதாகும். 2022 செப்டம்பரில் சீசன் தொடங்கியபோது 13 அணிகள். அந்த மாதம் 24ஆம் தேதி வூஸ்டர் வாரியர்ஸ் தன் மைதானமான சிக்ஸ்வேஸில் நியூகாசிலை 39-5 என்று அபாரமாக வென்றது. கிளப் கடனில் மூழ்கியிருந்தது ஆடியவர்களுக்கும் தெரியும், பார்த்தவர்களுக்கும் தெரியும். அந்த லீகில் அவர்களுடைய கடைசி ஆட்டம் அதுதான். இரண்டே நாளில் நிறுத்தி வைக்கப்பட்டார்கள். அக்டோபரில் வாஸ்ப்ஸ் திவாலானது. ஆம், 2003இல் குளோஸ்டரைச் சாய்த்த அதே வாஸ்ப்ஸ். 1867இல் பிறந்த கிளப், ஆறு லீக் பட்டம். லண்டன் பக்கத்திலிருந்து 2014இல் கோவன்ட்ரிக்கு மாறி, மைதானத்துக்காகக் கடன்பத்திரம் விற்று 3.5 கோடி பவுண்டு திரட்டியிருந்தார்கள். அதைத் திருப்பித் தரவேண்டிய நாள் வந்தபோது பணமில்லை. 2023 ஜூனில் லண்டன் ஐரிஷும் போயிற்று. ஒரே வருடத்தில் மூன்று அணிகள்.

காரணம் ஒன்றிரண்டு வரியில் சொல்லக்கூடியதுதான். வீரர்களின் சம்பளம் ஏறிக்கொண்டே போனது, வருமானம் அந்த அளவுக்கு ஏறவில்லை, பள்ளத்தைப் பணக்கார முதலாளிகள் தங்கள் கைக்காசால் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். கொரோனா காலத்தில் மைதானங்கள் மூடியதும் பள்ளம் ஆழமானது. இதைக் கட்டுப்படுத்தத்தான் சம்பள உச்சவரம்பு என்று ஒன்று உண்டு. 2024-25இல் ஒரு அணிக்கு அது 64 லட்சம் பவுண்டு. பெரிய நட்சத்திரம் ஒருவரை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்காமல் வைத்துக்கொள்ளலாம். வரம்பை மீறினால் தண்டனை கடுமை. சாரசன்ஸ் 2019 நவம்பரில் 53 லட்சம் பவுண்டுக்குமேல் அபராதமும் 35 புள்ளி வெட்டும் வாங்கியது. அடுத்து, அந்த சீசன் முடிவில் கீழ் டிவிஷனுக்கே இறக்கப்பட்டது. அப்போது அவர்கள் இங்கிலாந்துக்கும் ஐரோப்பாவுக்கும் சாம்பியன். கீழே போன அணி, ஒரே வருடத்தில் ஏறி வந்து 2023இல் மறுபடி பட்டம் வென்றது வேறு கதை.

சாரசன்ஸ் இறக்கப்பட்டதற்குப் பிறகு, களத்தில் தோற்றதால் எந்த அணியும் கீழே இறங்கவில்லை. கடைசி இடத்துப் போராட்டம் இல்லாத லீகில் ஏதோ ஒன்று குறைகிறது என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனால் மூன்று கிளப்புகள் செத்ததைப் பார்த்தபின், மிச்சமிருப்பவை முதலில் மூச்சு விடட்டும் என்று சொல்பவர்களோடு சண்டை போடவும் முடியவில்லை.

புதிதாகப் பார்க்க நினைப்பவர்கள் எங்கே தொடங்கலாம்? மேற்குப் பகுதியில் பாத்தும் குளோஸ்டரும் மோதும் நாளைத் தேர்ந்தெடுங்கள். குளோஸ்டரின் கிங்ஸ்ஹோம் மைதானத்தில் 'ஷெட்' என்று ஒரு பக்கம் உண்டு. கூரை தாழ்ந்து, எல்லோரும் நின்றுகொண்டே பார்ப்பார்கள், அந்த இரைச்சல் தொலைக்காட்சியிலேயே காதை அடைக்கும். இரண்டு அணி ரசிகர்களும் கலந்துதான் நிற்பார்கள், ரக்பியில் தனித்தனி வேலி கிடையாது. டிசம்பர் கடைசியில் ஹார்லிகுவின்ஸ் டுவிக்கனமை வாடகைக்கு எடுத்து ஆடும் பெரிய போட்டியும் நல்ல வாசல்தான். பட்டியலைப் பார்க்கும்போது வெற்றி எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல், போனஸ் புள்ளிப் பத்தியையும் பாருங்கள். அணிப் பட்டியல் வந்ததும் யார் இல்லை என்று கவனியுங்கள். பத்தாம் எண்காரருக்கு ஏன் இந்த வாரம் ஓய்வு என்று யோசித்தாலே, பயிற்சியாளர் எந்தப் போட்டிக்காக அவரைச் சேமிக்கிறார் என்பது தெரிந்துவிடும்.

2025 இறுதிப்போட்டி முடிந்து பாத்தின் மற்ற வீரர்கள் கோப்பையோடு ஊர் திரும்பினார்கள். ரஸ்ஸலுக்கும், முன்வரிசைக்காரர் வில் ஸ்டூவர்ட்டுக்கும் சீசன் இன்னும் முடியவில்லை. நான்கு நாடுகளின் சிறந்த வீரர்களைச் சேர்த்துக் கட்டும் லயன்ஸ் அணியில் இருவருக்கும் இடம் கிடைத்திருந்தது. ஆஸ்திரேலியாவுக்குப் பெட்டி கட்டினார்கள்.